நேர்ந்த முடியும் நீலக் குளமும்

அந்தக் கோடை விடுமுறையில் பயந்ததுபோல் நான் அதற்கு முன்பும் பயந்ததில்லை, பின்பும் பயந்ததில்லை. பேய்க்கோ பாம்புக்கோ அல்ல. என் தலையில் வளர்ந்துகொண்டிருந்த முடிக்கு.

சிரிக்காதீர்கள். நம் வயதுக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டிவிட்டோம். சீப்பில் வருவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறோம். பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பும்போது தொப்பி, கண்ணாடி, தலைக்குப் பூச ஒரு குப்பி என்று தனிப் பையே கொடுத்துவிடுகிறோம். தொண்ணூறுகளில், கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில், நீச்சலுக்குப் போன எனக்குக் கிடைத்தது துணி துவைக்கிற ஒரு பார் சோப்பு. அதுவும் பாதி தேய்ந்தது.

இருங்கள், அவசரப்படுகிறேன். முதலில் நேர்ச்சையை, அம்மாவின் வேண்டுதலைச் சொல்ல வேண்டும்.

எனக்கு மூன்று வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கண் திறக்கவில்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மா திருச்செந்தூர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிள்ளை பிழைத்தால், பதினொரு வயது முடிகிற ஆவணி வரைக்கும் கத்தரி படாமல் முடி வளர்த்து, முருகன் சன்னிதியில் கொண்டுவந்து இறக்குகிறேன் என்றாள். நான் பிழைத்தேன். அன்றிலிருந்து என் முடி என்னுடையது இல்லை.

"அது உனக்க முடி இல்ல, கேட்டியா? முருகனுக்கு உள்ளதாக்கும். நீ சும்ம தலையில வச்சிருக்கே, அவ்வளவுதான்" என்பாள் அம்மா, சிக்கெடுக்கும்போது நான் கத்தினால்.

செம்பருத்தி இலையைக் கசக்கி எடுத்த வழுவழுப்பான தாளி, கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். அந்த முடிக்கு எங்கள் வீட்டில் நடந்த உபசாரம் எனக்கு நடந்ததில்லை. பத்து வயதில் இடுப்பைத் தாண்டிவிட்டது. மீதிக் கணக்கை நானே போட்டுக்கொண்டேன். இன்னொருவருடைய பொருளை நான் கெடுத்துவிட்டால், அவர் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வார். அதாவது காய்ச்சல் வரும். அதாவது கண் திறக்க மாட்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குழந்தைகளுக்குப் பயப்படத் தனியாகப் பாடம் வேண்டாம்.

நீச்சல் எப்படி வந்தது என்றால், எங்கள் கோயில் குளத்தில் அக்கரை தொட்டுத் திரும்புவதில் என்னை யாரும் பிடிக்க முடியாது. பையன்களாலும் முடியாது. அதைப் பார்த்த பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், விடுமுறையில் நடக்கும் நீச்சல் முகாமுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அவர் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் எல்லோரும் காகிதத்தோடுதான் புழங்கினார்கள். அப்பாவுக்கு விஷயம் உடனே பிடிபட்டது.

"செயிச்சா பத்தாங்கிளாசுல கிரேஸ் மார்க் உண்டு. போவட்டு, போவட்டு."

"முடி?" என்றாள் அம்மா.

"கோயில் குளத்துல விழுந்து புரளும்போ இல்லாத முடியா இப்ப? இது டைல்ஸ் ஒட்டின குளமாக்கும். அடியில காசு கெடந்தாலும் தெரியும், அவ்வளவு சுத்தம்."

சுத்தம் என்ற சொல்லில் அம்மா மயங்கிவிட்டாள். பாசி இல்லாத, மீன் இல்லாத, மாடு இறங்காத தண்ணீர். அதனால் முடிக்கு என்ன கெடுதல் வரும்?

வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் தன் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் அந்தக் குளத்தைக் கட்டியிருந்தார். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். கிட்டே போனால் வாந்திபேதிக் காலத்தில் கிணற்றில் போடுகிற பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கில் ஏறும். அதேதான் அது. காவல்காரர் ஒரு தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் கரையோரமாகப் போட்டுக்கொண்டு போவார். எவ்வளவு போட வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. நாங்கள் இருபது பிள்ளைகள் இறங்குகிறோம் என்று கேட்டதும் இரண்டு சிரட்டை கூடுதலாகப் போட்டார்.

முதல் நாளே முகாமின் சார் என் தலையில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார்.

"இதெந்தா, எண்ணக்கடயோ? போயி சோப்பிட்டுக் கழுகிட்டு வா. வெள்ளத்தில் ஒரு துள்ளி எண்ண கண்டால் நாளமுதல் வரண்டா!"

தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் மிதந்தாலும் நாளையிலிருந்து வர வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். குழாயடியில் துணி துவைக்கிற கட்டி இருந்தது. தேய்த்தேன். அம்மா விடியற்காலையில் பிசைந்து பிசைந்து ஏற்றியதெல்லாம் வெள்ளை நுரையாகச் சாக்கடையில் போனது. முடியைப் பிழிந்தால் கீச்சென்று சத்தம் கேட்டது. சாருக்குத் திருப்தி. அப்படியே போய்க் குதித்தேன்.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் இங்கேதான். மதியம் வீட்டுக்கு வந்தால் முடி காய்ந்து விறைத்திருக்கும். அம்மா உச்சியை மட்டும் தொட்டுப் பார்த்து, "இந்த வெள்ளம் எண்ணைய உறிஞ்சுது பாத்தியா" என்று மறுநாள் இரண்டு மடங்கு வைப்பாள். மறுநாள் சார் இரண்டு மடங்கு எண்ணெயைப் பார்த்து இரண்டு தடவை சோப்பு போடச் சொல்வார். அதற்கடுத்த நாள் அம்மா மூன்று கை. சார் மூன்று தடவை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. என் தலையில் நின்று சண்டை போட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சோப்பு போடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னால் அன்றோடு நீச்சல் நின்றுவிடும். எனக்கோ அந்த நீலத்தில் விழுந்து, அடியில் தெரியும் கட்டங்களை எண்ணிக்கொண்டே அக்கரை போவதைப்போல் இனிப்பான ஒன்று உலகத்தில் இருக்கவில்லை. சாரிடம் நேர்ச்சையைச் சொல்லலாம் என்றால், எல்லோர் முன்னாலும் சிரித்துவிடுவார். வாயை மூடிக்கொண்டேன். பயம் அப்படித்தான் உள்ளே போய் உட்கார்ந்தது.

இரண்டாவது வாரத்தில் பின்னல் மடங்க மறுத்தது. கயிறு திரிக்கிற தும்புபோல் சொரசொரத்தது. வெயிலில் பின்னலின் நுனியை முன்னால் இழுத்துப் பார்த்தேன். கறுப்பில்லை. பழைய செம்புப் பாத்திரத்தின் நிறம். விரலால் நீவினால் நுனி பொடிந்து கையில் வந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் தேதி எழுதி, காய்ச்சல் உண்டா இல்லையா என்று குறித்துவைக்கத் தொடங்கினேன். கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். சூடுபோல் இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடுவேன். அப்போதும் சூடுபோல் இருக்கும்.

முகாமில் செம்பு நிறத் தலையோடு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். பொழியூர்க்காரி. கடலோரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். என் வயதுதான், ஆனால் தோள் அகலம். தண்ணீரில் அவள் மட்டும்தான் எனக்கு முன்னால் போவாள். அம்மா ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்க தலையப் பாத்தியா? உப்பு தின்னு போச்சு. நீ சூச்சிச்சு இரு, கவனம்." அதனால் அவள் பக்கத்தில் இருந்தாலே என் முடிக்கும் அது ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் நான் விலகி நின்றேன். கூப்பிட்டால் காது கேளாதது மாதிரி இருந்தேன்.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. முடி நனையக் கூடாது, அவ்வளவுதானே? துணிக்கடையில் தருகிற மஞ்சள் பிளாஸ்டிக் கவர் ஒன்றை எடுத்தேன். பின்னலைச் சுருட்டி உள்ளே திணித்து, நெற்றியைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையம் மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் மஞ்சள் பூசணிக்காய். பையன்கள் கூவினார்கள்.

"எலே, கடையே குளிக்க வந்துட்டு டோய்!"

நான் குதித்தேன். பாதி தூரம் வரை சரியாகத்தான் இருந்தது. பிறகு நெற்றிப் பக்கம் தண்ணீர் நுழைந்து கவர் உப்பியது. கழுத்தைப் பின்னால் இழுத்தது. தலையை ஆட்டினேன். ரப்பர் வழுக்கி மூக்குக்குக் கீழே இறங்கியது, கவர் முழுவதும் முகத்துக்கு வந்துவிட்டது. மூச்சை இழுத்தேன். பிளாஸ்டிக் வாய்க்குள் போய் ஒட்டிக்கொண்டது. மஞ்சள். எங்கு பார்த்தாலும் மஞ்சள். கால் தரையைத் தேடியது, தரை இல்லை. காய்ச்சலில்லாமலேயே முருகன் என்னை எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன், கூட்டிச் சொல்லவில்லை.

யாரோ என் பின்னலோடு சேர்த்துக் கவரைப் பிய்த்தார்கள். வெளிச்சம். காற்று. அந்த ஆள் என் தாடையில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் போட்டார். இருமி இருமி நிமிர்ந்தபோது பொழியூர்க்காரியின் முகம். கையில் மஞ்சள் துண்டும், அதில் சிக்கிய என் முடிக் கொத்தும்.

சார் ஓடி வந்தார். அவர் பார்த்தது அவள் கையிலிருந்த முடியை மட்டும்.

"முடி பிடிச்சு வலிக்குந்நோ? கடப்புறத்தெ தல்லு இவிடெ வேண்டா! போ, மாறி நில்லு!"

முடியைப் பிடித்து இழுக்கிறாயா, கடற்கரைச் சண்டையை இங்கே கொண்டுவராதே, தள்ளி நில் என்கிறார். அவளை அன்று முழுவதும் வெயிலில் சுவர் ஓரமாக நிறுத்திவைத்தார். அவள் போய் நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்கு இருமல் நின்றிருந்தது, பேச முடியும். பேசினால் கவர் எதற்கு என்று கேட்பார், பிறகு நேர்ச்சை, பிறகு அம்மா. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். நண்பர்களே, அந்தச் சார் கெட்டவர் இல்லை. எங்களுக்காக வெயிலில் தொண்டை கிழியக் கத்தியவர். ஆனால் ஊர்ப்பெயரைக் கேட்டதுமே பிள்ளை இப்படித்தான் என்று முடிவுகட்டிவிட்டார். நானும் அம்மாவும் அதற்கு முன்பே கட்டிவிட்டோம்.

மறுநாள் குழாயடியில் சோப்போடு நின்றேன். அவள் வந்தாள்.

"எட்டி, பூசணிக்கா. உனக்கு உயிரு பெருசா, முடி பெருசா?"

நான் அழுதேன். அழுதுகொண்டே நேர்ச்சை, காய்ச்சல், முருகன் எல்லாவற்றையும் கொட்டினேன். வேறு யாரிடமும் சொல்லாததை, வெயிலில் நிற்கவிட்ட ஒருத்தியிடம் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். சிரிக்கவில்லை.

"இந்தக் கட்டிய எறி மொதல்ல. சாரு அங்க பாக்கட்டு, நான் மறைச்சுக்கிடுதேன். கொஞ்சம் எண்ண கெடக்கட்டும், சொட்டாம இருந்தா போதும். பிறகு குழாயில தலையக் காட்டு. இன்னும். இன்னும் காட்டுட்டி, கஞ்சம் பிடிக்காதே. நல்லா நனஞ்சு சொட்டணும்."

"என்னத்துக்கு? எப்பிடியும் நனையத்தானே போவுது?"

"தாகம் உள்ள முடியாக்கும் கண்ட தண்ணியையும் குடிக்கது. நல்ல தண்ணி வயிறு நெறய குடிச்சாச்சுன்னா, இந்த மருந்துத் தண்ணிக்கு உள்ள எடம் இல்ல. கரைக்குக் கேறி வந்ததும் திரும்ப நல்ல தண்ணி. காயவிட்டுட்டு வீட்டுக்குப் போவப்பிடாது."

நான் அவள் தலையைப் பார்த்தேன். எனக்கு என்ன தோன்றியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்க தலை செவந்தது வெயிலுக்காக்கும். தொட்டுப் பாரு."

தொட்டேன். நிறம்தான் செம்பு. கை வழுக்கிக்கொண்டு போனது, அம்மாவின் முடியைப்போல.

அன்று தலையை நனைத்து, இறுக்கிக் கொண்டை போட்டு, அவளுடைய பழைய துணித் துண்டைச் சுற்றிக் கட்டி இறங்கினேன். வெளியே வந்து மறுபடி குழாயடி. மதியம் முடி விறைக்கவில்லை. மூன்று வாரம் இரண்டு பெரியவர்கள் எண்ணெயும் சோப்புமாகப் போராடியதை ஒரு பத்து வயதுக்காரி வெறும் குழாய்த் தண்ணீரில் முடித்துவிட்டாள். ஆனால் கெட்டது கெட்டதுதான். முழங்கை நீளத்துக்கு நுனி செத்துப் போயிருந்தது.

நான்காவது வாரம், முகாம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, காய்ச்சல் வந்தது.

காலையில் எழுந்தபோதே காதுக்குள் குத்தல். பத்து மணிக்கு உடம்பு கொதித்தது. அம்மா நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்த வேகம் இன்னும் நினைவிருக்கிறது, அடுப்பைத் தொட்டதுபோல. காற்றுப் பட வேண்டுமென்று பின்னலை அவிழ்த்தாள். ஜன்னல் வெயிலில் முடி முழுவதும் விரிந்து கிடந்தது, பாதி கறுப்பும் பாதி செம்பும். இத்தனை நாள் விடியும் முன்பே இருட்டில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டவள், அதை வெயிலில் முழுதாகப் பார்த்தது அப்போதுதான்.

"அம்மா, முருகனுக்க முடிய நான் கெடுத்துப் போட்டேன்" என்றேன். "நான் சாவுவேனா?"

அம்மா திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. அவள் உதடு என்னவோ அசைந்தது. என்னை அப்படியே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள், செருப்புப் போடாமல். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, குளத்துத் தண்ணீர் போய்ப் பழுத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. போட்டிக்கு நான் போகவில்லை. பொழியூர்க்காரி போய் ஜெயித்தாள் என்று கேள்விப்பட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தபோது எனக்கு அவள் வீட்டுக்கு வழி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போயிருப்பேனா, தெரியாது.

அதன்பிறகு ஆவணி வரை அம்மா என் முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெய் வைப்பாள், பின்னுவாள், எழுந்து போவாள். கோபம் என்று நினைத்தேன். நானும் ஒரு பிள்ளையைக் காய்ச்சலோடு மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அது கோபமில்லை என்று தெரிந்தது. அவள் பயம் என்னுடையதைவிடப் பெரியது. எனக்காவது சொல்லி அழ ஒருத்தி கிடைத்தாள்.

ஆவணியில் திருச்செந்தூர் போனோம். முடி இறக்கும் கொட்டகையில் ஈரத் தரை, சந்தன வாசனை, வரிசையாகப் பலகைகள். என் முறை வந்தது. சவரம் செய்கிறவர் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பாதிக்குமேல செம்பட்டையா இருக்கு? சின்னப் பிள்ளைக்குச் சாயம் கீயம் போட்டீங்களா?"

இதோ, வேண்டாம் என்று சொல்லப்போகிறார். சாமிக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பப்போகிறார்.

"பெறவியிலேயே அப்பிடியாக்கும்" என்றாள் அம்மா.

கண்ணை இமைக்காமல் சொன்னாள். பால்காரரிடம்கூடப் பொய் சொல்லாத அம்மா, சன்னிதிக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு சொன்னாள். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு கத்தியை வைத்தார். நெற்றியில் தொடங்கிப் பின்கழுத்து வரை குளிர்ந்துகொண்டே போனது. பின்னல் தொப்பென்று தரையில் விழுந்தது. அவ்வளவுதான். வானம் இடியவில்லை.

நான் எழுந்தேன். அந்தப் பலகையில் அம்மா உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "நீ என்னத்துக்கு இருக்கே? எந்திரி. பிள்ளைக்க தலைக்குச் சந்தனம் வைக்கண்டாமா?"

அம்மா கொண்டையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்பா கையில் வைத்தாள். முடி பலகையைத் தாண்டி ஈரத்தில் விழுந்து புரண்டது.

"சும்ம வெளையாடாத. தாலி கெட்டினவ மொட்டை போட்டா ஊருல என்ன சொல்லுவாவ? பூமுடி வேணும்னா குடு. மூணு விரலுக்குக் கத்தரிச்சு எடுப்பாவ."

"மூணு விரலு காணாது" என்றாள் அம்மா. "அவளுக்கதுல கொறை உண்டு. நான் நெரப்பிக் குடுக்கேன். இனி என்னமும் கேக்கணும்னா முருகன் எங்கிட்ட கேக்கட்டு. பிள்ளைட்ட கேக்கண்டாம்."

அப்பா ஊசிகளைப் பிடித்தபடி நின்றார். சவரம் செய்கிறவர் அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கிண்ணத்திலிருந்து தண்ணீரை அள்ளி அம்மாவின் உச்சியில் ஊற்றித் தேய்த்தார்.

என் தலை லேசாக இருந்தது. ஒரு வருஷமோ எட்டு வருஷமோ, எவ்வளவு நாளாக அந்தப் பாரத்தைச் சுமந்தேனோ, அது என் தலையில் இல்லை. எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. இனி முருகன் அம்மாவிடம்தான் கேட்பார்.

அவர் கத்தியில் புதிய பிளேடை மாற்றினார். நான் போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு மக்கா, நனையும்" என்றாள், குனிந்தபடியே.

நான் விடவில்லை.